நடை வரும்வரை நாங்கள் உயிரோடு இருக்க வேண்டும்

சுவிட்சர்லாந்தில் தண்டுவடம் அடிபட்ட ஒருவர் எழுந்து நடந்துவிட்டார் என்று செய்தி வந்தால், பொழுது சாய்வதற்குள் அது விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் என் கடைக்கு வந்து சேர்ந்துவிடும். பேப்பரை மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இது என்னன்னு ஒரு வார்த்தை விசாரிச்சுப் பாரப்பா, உனக்கும் சரியாயிரும்" என்று சொல்லிச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போவார். அந்தப் பிரியத்தை நான் ஒருநாளும் தட்டிவிட்டதில்லை. ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேம்பில் ஏறி, கிளை முறிந்து விழுந்தவன் நான். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அன்று என்னை வாரிக்கொண்டு ஓடியவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான்.

ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. எழுந்து நடந்தவரைப் பற்றி வருகிற செய்தியில் கால்வாசிகூட, நடக்காமலே முப்பது நாற்பது வருடம் நோய்நொடி இல்லாமல் வாழ்வது எப்படி என்று கண்டுபிடித்த ஆராய்ச்சியைப் பற்றி வருவதில்லை. எங்கள் பக்கத்தில் தண்டுவடம் அடிபட்டு இறந்துபோனவர்களில் எனக்குத் தெரிந்த யாரும் நடக்க முடியாததால் சாகவில்லை. படுக்கைப் புண் சீழ் பிடித்துச் செத்தார்கள். சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். இரண்டையும் தடுக்க வழி தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்த வழி அருப்புக்கோட்டை, திருச்சுழி கிராமங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெரிய செய்திகளை நான் ஒதுக்குகிறவன் இல்லை. வரி விடாமல் படிக்கிறேன். 2023 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்த லொசான் ஆராய்ச்சியையே எடுத்துக்கொள்வோம். கிரெகுவார் கூர்தீன் என்ற நரம்பியல் அறிஞரும் ஜோஸ்லின் பிளாக் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்து செய்தது. கெர்ட் யான் ஒஸ்காம் என்ற டச்சுக்காரர் 2011ல் சீனாவில் சைக்கிள் விபத்தில் கழுத்தில் அடிபட்டவர். அவர் மூளையின் மேல் மின்முனைகளைப் பதித்து, நடக்க நினைக்கும்போது அங்கே எழும் சமிக்ஞையைக் கம்பியில்லாமல் எடுத்து, இடுப்புப் பக்கத் தண்டுவடத்தின் மேல் வைத்த இன்னொரு கருவிக்கு அனுப்பினார்கள். அடிபட்ட இடத்தைத் தாண்டி ஒரு பாலம். அவர் ஊன்றுகோலோடு நடந்தார், படியேறினார். கருவியை நிறுத்திவைத்த பிறகும் கொஞ்சம் நடக்க முடிந்தது. உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் அவர் தண்டுவடம் முழுசாகத் துண்டிக்கப்பட்டதல்ல. கொஞ்சம் நரம்பு மிச்சம் இருந்தது. இதே குழுவின் முந்தைய ஆராய்ச்சியிலும் சேர்ந்து பல காலம் பயிற்சி எடுத்தவர் அவர். வீடியோவில் இது தெரியாது.

ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தார் 2021 டிசம்பரில் முதல் ஆளுக்கு ஐ.பி.எஸ். என்ற ஒருவகை ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நரம்பு செல்களைச் செலுத்தினார்கள். மொத்தம் நான்கு பேர். 2025 மார்ச்சில் முடிவு சொன்னார்கள்: பெரிய பக்கவிளைவு யாருக்கும் இல்லை, இரண்டு பேருக்கு அசைவில் முன்னேற்றம், அதில் ஒருவரால் தாங்கலில்லாமல் நிற்க முடிகிறது. நான்கு பேருமே அடிபட்டு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் செல் செலுத்தப்பட்டவர்கள். என்னைப்போல் வருடக்கணக்கில் ஆனவர்கள் அதில் இல்லை. இன்னும் பெரிய சோதனை வேண்டும் என்று அந்த ஆராய்ச்சியாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இவற்றைவிட நெருக்கமாகத் தோன்றிய செய்தி நம் பத்திரிகைகளில் அவ்வளவாக வரவில்லை. அறுவைசிகிச்சையே இல்லாமல், கழுத்தின் பின்புறம் தோலின் மேல் ஒட்டி மின்தூண்டல் கொடுக்கும் ஒரு கருவியை 60 பேரிடம் சோதித்து 2024ல் முடிவு வெளியிட்டார்கள். கழுத்தில் அடிபட்டுக் கை விளங்காமல் போனவர்களில் பெரும்பாலோருக்குப் பிடிப்பு வலு கூடியது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. விரல் கொஞ்சம் மடங்கினால் போதும்: டம்ளரைத் தூக்கலாம், போன் பட்டனை அழுத்தலாம், தன் சோற்றைத் தானே அள்ளிச் சாப்பிடலாம்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களிடமே கேட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. கிம் ஆண்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தானும் கழுத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர், 2004ல் 681 பேரிடம் கேட்டு எழுதினார். எது திரும்பி வந்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மாறும் என்பது கேள்வி. கழுத்தில் அடிபட்டவர்கள் முதலில் சொன்னது கை. இடுப்புக்குக் கீழே போனவர்கள் முதலில் சொன்னது தாம்பத்தியம். மலம், சிறுநீர் அடக்கம் இரண்டு கூட்டத்துக்குமே முக்கியம். நடை என்பதை முதலிடத்தில் வைத்தவர்கள் குறைவு.

தாம்பத்தியம் என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். எனக்கு வைத்தியம் பார்த்த இடத்தில் நானாகக் கேட்கிறவரை அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டபோதும் "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று பேச்சை மாற்றினார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பையன் பனையிலிருந்து விழுகிறான். அவன் மனைவியைப் பெற்றவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். தண்டுவடம் அடிபட்ட ஆணுக்கும் மருத்துவ உதவியோடு குழந்தை பிறக்க வழியுண்டு, அடிபட்ட பெண்ணும் கவனத்தோடு கர்ப்பம் தாங்கிப் பிரசவிக்க முடியும் என்பதை அந்த இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்துச் சொல்ல ஒரு டாக்டர் இருந்திருந்தால், பிரிவு ஒன்றிரண்டு குறைந்திருக்கும்.

சிறுநீர்ப் பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அருவருப்பாக இருக்கும் என்று யாரும் எழுதாமல் விடுவதால்தான் ஆட்கள் சாகிறார்கள்.

தண்டுவடம் அடிபட்டால் சிறுநீர்ப்பை நிறைந்ததும் தெரியாது, சொன்னபடி காலியும் ஆகாது. நிறைந்து நிறைந்து அழுத்தம் ஏறி, நீர் பின்பக்கமாகச் சிறுநீரகத்துக்கே திரும்பும். வலி இல்லாததால் உள்ளே கெடுவது வெளியே தெரியாது. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்கள் பெரும்பாலும் இதிலும் படுக்கைப் புண்ணிலும்தான் செத்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஹிட்லருக்குத் தப்பி 1939ல் இங்கிலாந்து போன லுட்விக் குட்மான் என்ற யூத மருத்துவர், 1944ல் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராப்பகல் பார்க்காமல், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார். சிறுநீர்ப்பையைக் கிருமி படாமல் முறை வைத்துக் காலி செய்தார். சாக வேண்டியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1948ல் அவர்களுக்குள் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆனது. பாராலிம்பிக்கைத் தெரிந்தவர்கள் நிறைய. அதற்கு அடியில் கிடப்பது அந்த இரண்டு மணி நேரக் கணக்கு என்பது தெரிந்தவர்கள் குறைவு.

அடுத்த பெரிய வேலையைச் செய்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜாக் லாப்பிடிஸ். அதுவரை சிறுநீர்க் குழாய் போடுவதென்றால் கையுறை, கிருமி நீக்கிய தட்டு, பக்கத்தில் ஒரு நர்ஸ் என்று இருந்தது. வீட்டில் யாரால் முடியும்? லாப்பிடிஸ் 1972ல் சொன்னது எளிமையானது. தொற்றுக்குப் பெரிய காரணம் வெளியிலிருந்து ஒட்டி வரும் கிருமி என்பதைவிட, காலியாகாமல் தேங்கி வீங்கிக் கிடக்கும் பை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, சுத்தமான குழாயைத் தானே செலுத்தி, நேரம் தவறாமல் வடித்துவிட்டால் போதும். மருத்துவ உலகம் முதலில் முகம் சுளித்தது. பிறகு உலகம் முழுக்க அதுவே முறையாயிற்று. ஏழை நாட்டுக்கென்றே செய்ததுபோல் ஒரு கண்டுபிடிப்பு.

எனக்கு அன்று மருத்துவமனையில் நிரந்தரக் குழாயும் பையும் மாட்டி, மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலும் குளிருமாக நடுங்கிக் கிடந்த பிறகு, வேறோர் இடத்தில் ஒரு நர்ஸம்மா கட்டில் பக்கத்தில் நின்று நானே குழாய் போடச் சொல்லிக் கொடுத்தார். இன்றுவரை அதுதான் என் முறை. விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, லைஃப்பாய் சோப்பில் கையை மணிக்கட்டுவரை கழுவுவேன். எவர்சில்வர் டப்பாவிலிருந்து குழாயை எடுத்து, நுனியில் ஜெல்லியைத் தடவி, மெதுவாகச் செலுத்துவேன். தடுத்தால் அழுத்தக் கூடாது. மூச்சை விட்டுக் காத்திருந்தால் வழி விடும். அளவுப் பாத்திரத்தில் பிடித்து நானூறு மில்லியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பேன். தாண்டினால் அடுத்த முறை முன்கூட்டியே எடுப்பேன். நான்கு மணி, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். கடையில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். குழாயைக் கழுவி, உதறி, நிழலில் உலர்த்தி, திரும்ப டப்பாவில் வைப்பேன்.

இதற்கு வேண்டியது குழாயும் சோப்பும் நல்ல தண்ணீரும். எங்கள் பக்கத்தில் குழாயைவிடத் தண்ணீருக்குத்தான் பாடு. ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்பு. குடிதண்ணீர் வராத வாரத்தில் வீட்டுப் பெண்கள் குடத்தைக் கணக்குப் பார்த்து எடுக்கும்போது, இன்னும் இரண்டு செம்பு கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். அது கல்லடைப்பில் கொண்டுபோய் விடும்.

புண் விஷயம். உட்காரும் இடத்தில் எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. ரத்த ஓட்டம் நிற்கிறது. உங்களுக்கு என்றால் வலிக்கும், நெளிவீர்கள். எங்களுக்கு வலிக்காது. அதனால் கால் மணிக்கு ஒருதரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகும் முன் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பின்புறம் முழுக்கப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அந்தப் பக்கம் பாரம் படவே கூடாது. பந்தல்குடிப் பக்கம் ஒரு தம்பி. கோயில் கொடை அன்று சித்திரை வெயிலில் கொதித்துக் கிடந்த சிமெண்டுத் திண்ணையில் அவனைத் தூக்கி உட்கார வைத்தார்கள், எல்லாரோடும் சேர்ந்து பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில். அவனுக்குச் சூடு தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றும்போதுதான் அம்மா பார்த்திருக்கிறார், தோல் வழண்டு கொப்புளமாக. அந்தக் கொப்புளம் எலும்பு தெரிகிற புண்ணானது. அதிலிருந்து அவன் எழவில்லை.

நம்பிக்கை ஒரு பக்கம், பராமரிப்பு ஒரு பக்கம் என்று பலர் பேசுகிறார்கள். டயப்பர், மெத்தை என்று பேசுவது தோல்வியை ஒத்துக்கொள்வது என்று நினைக்கிறார்கள். நடை திரும்புவதற்கான எந்தச் சோதனையிலும் யாரைச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். ஆறாத படுக்கைப் புண் இருந்தால் சேர்க்க மாட்டார்கள். மூட்டு மடங்கி இறுகிப்போயிருந்தால் சேர்க்க மாட்டார்கள். தொற்று ஓயாமல் வருகிறவரையும், எலும்பு நொறுங்கும் அளவுக்கு மெலிந்தவரையும் சேர்க்க மாட்டார்கள். நாளைக்கே மதுரையில் ஒரு சிகிச்சை வந்தாலும், எங்கள் வட்டாரத்துப் பையன்களில் பாதிப் பேர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள். அந்தச் சிகிச்சைக்கு முதல் வைத்தியம் கைக்கண்ணாடியும் குழாயும்தான்.

அப்படியொரு சிகிச்சை வரும்வரை இடையில் இருக்கிற இந்தக் காலத்தைத்தான் வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். மாதம் ஒருவராவது போன் செய்து கேட்கிறார்கள்: "அண்ணே, ஸ்டெம் செல் போட்டா எந்திரிச்சிருவான்னு சொல்றாங்க. நாலு தடவ போடணுமாம். புஞ்சைய வித்துரலாமா?" விற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறைப்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். ஆராய்ச்சி என்றால் அதற்குப் பதிவு எண் இருக்கும், ஒப்புதல் படிவம் இருக்கும், நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். காசு கேட்டால் அது ஆராய்ச்சி இல்லை. இந்த ஒரு அடையாளம் போதும்.

விஞ்ஞானம் பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூளை, தண்டுவட நரம்பு ஒருகாலும் திரும்ப வளராது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1981ல் கனடாவின் மாண்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிடும், கைகால் நரம்பின் துண்டு ஒன்றைப் பாதையாக வைத்துக் கொடுத்தால் தண்டுவட நரம்பு அதற்குள் வளர்கிறது என்று எலியில் காட்டினார்கள். நரம்புக்கு வளரும் திராணி இருக்கிறது, சுற்றியுள்ள இடம்தான் விடவில்லை என்று அன்றிலிருந்து தெரிகிறது. இன்று நடக்கும் வேலை பாதி அந்த நூலைப் பிடித்துப் போவதுதான்.

அதே 1981ல்தான் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், 1975ல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடல்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். எங்கள் ஊரிலிருந்து விருதுநகர், ராஜபாளையம் வழியாகப் போனால் அரை நாளுக்குள் போய்விடலாம். தண்டுவடம் அடிபட்டவரைத் தங்க வைத்து, குளிப்பது, குழாய் போடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அவருக்கும் முன்னால் வேலூரில் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் கார் விபத்தில் தண்டுவடம் போன இளம் டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று துறையை நடத்தினார். 1966ல் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அங்கே சிகிச்சை பெற்றுப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டு ஆண்டுதோறும் ஒரு மேளா நடத்துகிறார்கள். போட்டி, பாட்டு ஒரு பக்கம். சிறுநீரகம், தோல், நாற்காலி எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது இன்னொரு பக்கம். ஆராய்ச்சி என்றால் எனக்கு அதுவும்தான். வீட்டுக்கு அனுப்பிய ஆள் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று தேடிப் பார்ப்பது.

திருவண்ணாமலையில் பிரீத்தி ஸ்ரீனிவாசன் இருக்கிறார். தமிழ்நாட்டு 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்குத் தலைவியாக இருந்தவர். 1998ல் புதுச்சேரிக் கடலில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சோல்ஃப்ரீ அறக்கட்டளையை அவர் தொடங்கியது எங்களைப் போன்றவர்களுக்காக. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழுவினர் உடம்பு அளவுக்குத் தைத்ததுபோன்ற நாற்காலி, நிற்க வைக்கும் நாற்காலி என்று செய்து தருகிறார்கள். 2025ல் ஒன்பது கிலோ எடையில் ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். ஆட்டோவில் ஒற்றைக் கையால் தூக்கிப் போடலாம்.

இவ்வளவு பேர் இந்தத் தமிழ்நாட்டிலேயே இருந்தும் எங்கள் வறக்காட்டுக்கு எது வந்து சேர்கிறது என்றால், பெரும்பாலும் முகாமில் கொடுக்கும் பொது அளவு நாற்காலிதான். அதில் மெத்தை இருக்காது. முன்சக்கரம் சின்னது. ஐப்பசி கார்த்திகையில் கரிசல் மண் நனைந்தால் அந்தச் சக்கரத்தில் மண் அப்பி அப்பி உருளவே உருளாது. குச்சியால் சுரண்டிச் சுரண்டித்தான் தெருவைத் தாண்ட வேண்டும். கரிசலில் உருளும் சக்கரத்தை யாராவது ஆராய்ந்து செய்தால் எனக்கு அது நோபல் பரிசு பெற்ற வேலை.

வெயிலும் அப்படித்தான். கழுத்தில், மேல்முதுகில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. உடம்பு தன் சூட்டைத் தானே இறக்க முடியாது. குளிர் நாட்டுப் பாடப்புத்தகத்தில் இது நாலு வரி. நாற்பது டிகிரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் படுத்திருப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஈரத் துண்டு எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்தக் கூரை, எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் ஆராய்ச்சியை லொசானில் யாரும் செய்யப் போவதில்லை. 2022ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி செய்யலாம். முதுகலை மாணவர் ஒருவருக்கு ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தால் போதும்.

விழுந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கம் பனையேறி விழுகிறார்கள், கிணறு வெட்டும்போது விழுகிறார்கள், சாரத்திலிருந்து விழுகிறார்கள். நம் மாவட்டத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது. கட்டுமான வேலை கூடும், உயரத்தில் நிற்கும் ஆட்களும் கூடுவார்கள். விழுந்தவனை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டு ஓடுவதுதான் இன்னும் வழக்கம். முறிந்த எலும்பு அரைகுறையாக இருந்த தண்டுவடத்தை அந்த ஓட்டத்தில் முழுசாக நசுக்கிவிடலாம். ஆளை அசைக்காமல் 108க்குச் சொல்ல வேண்டும். தூக்கியே ஆக வேண்டுமென்றால் கதவுப் பலகையோ பெஞ்சுப் பலகையோ கொண்டுவந்து, தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். நசுங்கிய தண்டுவடத்தின் மேலுள்ள அழுத்தத்தை 24 மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சையால் எடுத்துவிட்டால் பலன் கூடுதல் என்று மைக்கேல் ஃபெலிங்ஸ் குழுவினர் 2012ல் காட்டினார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை பக்கம்தான். நேரம் இருக்கிறது, வழியில் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் வந்த அந்தத் திட்டம் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. பனையிலிருந்து விழுந்தவனுக்கும் கிணற்றில் விழுந்தவனுக்கும் அதே கணக்கு வேண்டும். அடிபட்டது ரோட்டிலா தோட்டத்திலா என்று தண்டுவடம் பார்ப்பதில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிசியோதெரபி செய்கிறவரும் வலிநிவாரண நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள். வேறு எந்தத் திட்டத்தையும்விட நான் இதைத்தான் நம்புகிறேன், வாசல்வரை வருவதால். வருகிறவர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு இன்னும் சிலவற்றையும் பையில் எடுத்து வர வேண்டும். சாதாக் குழாய் ஒன்றின் விலை ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான். மாதத்துக்கு வேண்டிய குழாயும் ஜெல்லியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையைப் போலவே கிடைக்க வேண்டும். அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையில் டயப்பருக்கே பாதி போய்விடுகிறது. அதிலிருந்தே இதையும் வாங்கு என்று சொல்வது நியாயமில்லை. முகாமில் நாற்காலி கொடுத்தால் புண் வராத மெத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மெத்தை இல்லாத நாற்காலியைக் கணக்கில் எழுதவே கூடாது. வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேனும் கிரியாட்டினின் பரிசோதனையும் செய்ய, போக வர வண்டியோடு ஏற்பாடு வேண்டும். கழுத்தில் அடிபட்டவருக்குத் திடீரென்று தலை பிளக்கிற வலியும் முகத்தில் மட்டும் வியர்வையும் வந்தால் அது வெறும் தலைவலி இல்லை. ரத்த அழுத்தம் எகிறுகிறது. ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வட்டார அளவில் ஒவ்வொரு டாக்டருக்கும் நர்ஸுக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் எங்களில் ஒருவரை வைத்தே சொல்லிக் கொடுக்கலாம். குழாய் போடப் பழகாமல் வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் பையனிடம் டாக்டர் பத்து தடவை சொல்வதைவிட, நாற்காலியில் இருக்கிற இன்னொருவன் ஒரு தடவை செய்து காட்டினால் அவன் எழுந்து உட்காருவான். இதற்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் போட்டு, வட்டாரத்துக்கு ஒருவரை நியமிக்க வேண்டும். ஆண்களுக்கு ஓர் ஆண், பெண்களுக்கு ஒரு பெண். பெண்களுக்கு இன்னும் அவசரம், ஏனென்றால் அவர்கள் கேட்கவே மாட்டார்கள்.

முதலில் ஒரு பட்டியல் வேண்டும். மாவட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் யார் யார், எந்த ஊர், எதில் அடிபட்டார்கள், இப்போது புண் இருக்கிறதா, என்ன குழாய், கடைசியாக ஸ்கேன் எடுத்தது எப்போது, இறந்திருந்தால் எதனால் என்று. கிராம சுகாதார செவிலியர்களும் மக்களைத் தேடி வருகிறவர்களும் சேர்ந்தால் மூன்று மாதத்தில் எடுத்துவிடலாம். திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களுக்கு எனக்குத் தெரிந்தவரை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அதை மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். விட்டுப்போன பெயர்களை அந்தந்த ஊர்க்காரர்கள் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.